பெருங்காயம் மணக்கும் புத்தகம்

"ஏனுங்க வாத்தியாரே, புஸ்தகம் போட்டதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

பாய், இன்று அந்தப் பழைய புத்தகம் இருக்கும் பெட்டியைத் திறந்ததும் பெருங்காய வாசனை வந்தது. கூடவே உங்களுடைய இந்தக் கேள்வியும் வந்தது. நீங்கள் மறைந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இரண்டும் போகவில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷம் அது. அன்று காலைதான் பத்திரிகையிலிருந்து என் மூன்றாவது கதையும் திரும்பி வந்திருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஆனாலும் வண்டியோட்டிகள் வம்சத்தில் எழுத்து எங்கிருந்து வரும், இனி எழுதவே வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டு, நாமக்கல் கடைவீதியில் உங்கள் மளிகைக் கடைக்கு மிளகு வாங்க வந்தேன். நீங்கள் கோபமாக ஒரு சிறு புத்தகத்தை நீட்டினீர்கள். பொட்டலம் மடிக்க வாங்கிய பழங்காகிதக் கட்டில் கிடைத்தது. முதல் பக்கத்தில், 'மோகனூர் பழனியப்பன் குமாரன் முத்துசாமி இயற்றிய வெள்ளச் சிந்து' என்றிருந்தது. என் ஊர், என் அப்பா பெயர், என் பெயர்!

"நான் எழுதலீங்க பாய்."

"பின்ன, மோகனூர்ல இன்னொரு முத்துசாமியா?"

இருந்தார். எங்கள் வீட்டில் மூத்த மகனுக்குத் தாத்தாவின் பெயர்தான். உருளையில் ஏறி இறங்கும் இரண்டு வாளிகளைப் போல, ஒரு தலைமுறை பழனியப்பன், மறு தலைமுறை முத்துசாமி. அப்பா தொட்டிலில் கிடந்தபோதே தாத்தா இறந்துவிட்டார். பாரவண்டி ஓட்டினார் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாலையில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். காவிரி வெள்ளத்தில் கயிற்றை அறுத்து மாடுகளைத் தப்பவிட்ட ஒரு வண்டிக்காரனின் கதை. எழுத்தறியாத அப்பா, "எங்கப்பன் பேசற மாதிரியே இருக்குது சாமி" என்றார். தன் அப்பா பேசி அவர் கேட்டதே இல்லை.

கடைசிப் பக்கங்களைக் காணோம். மறுநாள் உங்களிடம் ஓடி வந்தேன். அந்தத் தாள்களில் பொட்டலம் மடித்துக் கொடுத்துவிட்டது நினைவு வர, தலையில் கை வைத்துக்கொண்டீர்கள். பிறகு உங்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"முடிவு யாரு ஊட்டு ரசத்துக்குப் போச்சுதோ! வண்டிக்காரன் தண்ணிக்குள்ள நிக்கறானுங்க. நீங்கதான் கரையேத்தி உடோணும்."

நான்கு முறை அடித்துத் திருத்தி அவனைக் கரையேற்றினேன். என் எழுத்தில் முதலில் அச்சேறியது அந்தக் கதைதான். பத்திரிகையை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தேன். என் பெயரின் மேல் விரலை வைத்து, "இது எந்த முத்துசாமிங்க?" என்று கேட்டீர்கள். கடையே சிரித்தது.

இப்போதும் கதையின் அடியில் பெயர் எழுதும்போதெல்லாம், தாத்தாவுக்கும் எனக்கும் சேர்த்தே எழுதுகிறேன், பாய்.

இதைப் படிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள்: உங்களுக்கு முன் உங்கள் குடும்பத்தில் உங்கள் பெயரை வைத்திருந்தவர் யார், அவர் என்ன செய்தார் என்று இன்றே வீட்டில் கேளுங்கள்.