மனுதாரரின் தம்பி

மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தேர்வுப் பட்டியல் வந்துவிட்டது. குடிநீர்த் துறையில் நீர்ப் பரிசோதகர் வேலை ஆறு இடம், அதில் நாலாவதாக உன் பெயர். எங்கள் பிரிவில்தான் தட்டச்சு செய்தார்கள். பார்த்ததும் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். வயது வரம்பு முடிகிற நேரத்தில், கடைசி வாய்ப்பில், எப்படியோ எட்டிப் பிடித்துவிட்டாயே!

உடனே போன் செய்தேன். அம்மா எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாளே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ என் அக்கா என்பது இங்கே யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம். தம்பி உள்ளே இருந்து இழுத்துவிட்டான் என்று சொல்லி உன் உழைப்பைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதனால் இனி ஆபீஸ் விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

முக்கியமான விஷயம் ஒன்று. வேலையில் சேரச் சொல்லி ஆணை வந்தால் ஒரு வாரம்தான் கெடு. பழைய இடத்திலிருந்து விடுவிப்புச் சான்று இல்லாமல் போய் நின்றால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். போன தடவை இரண்டு பேர் அப்படித்தான் கோட்டை விட்டார்கள். உன் ரத்தப் பரிசோதனை நிலைய முதலாளி கேட்டவுடன் சான்று கொடுக்கிற ஆளா? இப்போதே ராஜினாமாவை எழுதிக் கொடு. ஆணை வந்த மாதிரிதான். நான் சொல்கிறேன், நம்பு.

உன் தம்பி மனைவிக்கு இது இரண்டாவது மாதம். வாந்தி நின்றபாடில்லை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தலைகால் புரியாத
தம்பி


ஏப்ரல் 11

என் முந்திரிக்கொட்டைக்கு,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். முதலாளி கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர்டர் எங்கம்மா?" என்றார். "வந்த மாதிரிதான் சார்" என்றேன். மனுஷன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. ஒரு மாதம் இழுத்தடித்து, நேற்றுத்தான் சான்றைக் கையில் கொடுத்தார். ஆக, நீ எச்சரித்தது சரிதான்.

நான் ஊசி போடப் பழக்கிவிட்ட பெண் அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த கையோடு என் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கெட்டிக்காரி, பிழைத்துக்கொள்வாள்.

வேலை பார்க்கப் போகிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். உன் அக்காவுக்கு அவ்வளவு ஆசை. பம்ப் அறைக்கு மேல் மாடி. ஆறு பேர் உட்கார வேண்டிய கூடத்தில் ஒரே ஒருவர், போத்தல்களுக்கு நடுவில் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே இருக்கிற குழாயே சொட்டுகிறது. குடிநீர்த் துறையின் குழாய்! "எப்ப வரீங்கம்மா? ஒண்டி ஆளா எத்தனை தண்ணியத்தான் நான் டெஸ்ட் பண்றது?" என்று கேட்டார். அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். ஜன்னல் ஓரத்து மேசை எனக்கு என்று மனதுக்குள் இடமும் பிடித்துவிட்டேன்.

ஆணை எப்போது வரும்? சும்மா ஒரு வரி எழுது.

என் தம்பி மனைவியை வெறும் வயிற்றோடு எழுந்து வேலை செய்ய வேண்டாம் என்று சொல். நீ எழுந்து செய்.

வேலையில்லாத, ஆனால் வேலை கிடைத்துவிட்ட
அக்கா


ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இந்தப் பதில். கோபிக்காதே. கோப்பு நிதிப் பிரிவுக்குப் போயிருக்கிறது. அங்கே போனால் கிணற்றில் போட்ட கல்தான், ஆனால் வரும். கண்காணிப்பாளரிடம் யாரோ விசாரிக்கிற மாதிரி பட்டும் படாமலும் கேட்டேன். "பட்டியலுக்கு ஒரு வருஷம் உயிர் இருக்குல்ல, என்ன அவசரம்?" என்றார். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

அவசரத்தில்,
தம்பி


ஆகஸ்ட் 27

தம்பிக்கு,

பொறுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். அந்த மாடிக்கு இரண்டாவது தடவை போனபோது ஜன்னல் ஓரத்து மேசையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். அவனைச் சேர்த்து ஐந்து பேர். எல்லாரும் ஒப்பந்தக்காரர் அனுப்பிய தினக்கூலி ஆட்கள். அந்தப் பையன், பரிசோதனை முடிந்த போத்தலில் பழைய சீட்டைக் கிழிக்காமலே அதன் மேல் புதுச் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தான். எந்தத் தெருத் தண்ணீர் எது என்று அவனுக்கே தெரியாது. முதுகுவலிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல், "நான் என்னம்மா பண்றது, மேலேர்ந்து அனுப்பிட்டாங்க" என்றார்.

கீழே அலுவலகத்தில் கேட்டேன். சன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"செலக்ட் ஆயிட்டா வேலை குடுத்தே ஆகணும்னு யார் சொன்னாங்க?"

"பின்ன எதுக்குய்யா பரிச்சை வச்சீங்க?"

"அது பரிச்சை வச்சவங்களைக் கேளுங்க."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சன்னல் கண்ணாடி பிழைத்ததே பெரிது. அங்கிருந்து நேராக ஒரு வக்கீலம்மாவிடம் போனேன். நல்ல மாதிரி. பூசி மெழுகாமல் பேசுகிறார். "பட்டியல்ல பேர் வந்ததுனால மட்டும் வேலை உங்க உரிமை ஆகாதும்மா. அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா காலியிடத்தை வச்சுக்கிட்டு, காரணமே சொல்லாம, இஷ்டத்துக்கு ஆளை ஒதுக்கித் தள்ளவும் துறைக்கு உரிமை கிடையாது. அந்த இடுக்குலதான் நாம நுழையணும்" என்றார். நுழைகிறேன். வழக்குப் போட்டுவிட்டேன்.

அம்மாவுக்குத் தெரியாது. தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, நூலகத்தில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். "புது வேலை எப்படிடி?" என்று கேட்கிறாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்கிறேன்.

நீ உள்ளே இருக்கிறாய் என்பதுதான் ஒரே தைரியம்.

அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் வழக்குக்குத் துறை தாக்கல் செய்ய வேண்டிய பதில் மனு என் மேசைக்கு வந்தது. எங்கள் பிரிவில் வழக்குகளைச் சுற்று முறையில் பிரித்துக் கொடுப்பார்கள். இந்தத் தடவை சுற்று என்னிடம் வந்து நின்றது. வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அக்கா என்று சொன்னால், ஏழு மாதமாக ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டு எழுதினேன்.

பழைய வழக்கு ஒன்றின் பதில் மனுவை எடுத்து, விவரங்களை மாற்றிப் போடுவதுதான் இங்கே வழக்கம். தேர்வுப் பட்டியலில் இடம்பெறுவது பணி நியமனத்துக்கான உரிமையைத் தராது, நிதி நிலைமை காரணமாக இடங்களை நிரப்பவில்லை, இதெல்லாம் ஏற்கெனவே அதில் இருந்தவை. பக்கத்துக்குப் பக்கம் உன்னை 'மனுதாரர்' என்று எழுதிக்கொண்டே போனேன். ஒன்பதாவது பத்தியைத்தான் நானே புதிதாக எழுத வேண்டியிருந்தது. வேலையை விட்டுவிட்டு நிற்கிறேன் என்று நீ மனுவில் சொல்லியிருக்கிறாய் அல்லவா? அதற்குப் பதில்: 'ஆணை ஏதும் பெறாத நிலையில் மனுதாரர் தாமாகவே வேலையை விட்டார். அதற்குத் துறை எவ்விதத்திலும் பொறுப்பல்ல.'

கண்காணிப்பாளர் படித்துவிட்டு, "ஒன்பதாவது பத்தி பிரமாதம்யா" என்று முதுகில் தட்டினார். கூசிப்போய்விட்டேன்.

வேறு யார் வாயிலாகவும் இதை நீ கேள்விப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தம்பி


அக்டோபர் 9

தம்பிக்கு,

தாமாகவே. நல்ல வார்த்தை.

படித்ததும் உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. மார்கழிக் குளிரிலும் உன்னைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தவள் நான், அது இது என்றெல்லாம் எழுதிக் கிழித்துப் போட்டேன். அந்தக் கணக்கெல்லாம் அக்கா தம்பிக்கு நடுவில் எதற்கு?

விஷயத்துக்கு வருகிறேன். வக்கீலம்மாவுக்கு வந்த பதில் மனு நகலில் உன் ஒன்பதாவது பத்தியைக் காட்டிக் கேட்டேன். "துறையில வேலை பாக்கற யாராவது உங்ககிட்ட வேலையை விடச் சொன்னாங்களா? அப்படி ஒருத்தர் பிரமாணப் பத்திரம் குடுத்தா இந்தப் பத்தி நிக்காது. வழக்கோட முகமே மாறிடும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

இப்போது உன்னைக் கேட்கிறேன். நீதான் சொன்னாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவாயா? விசாரணை டிசம்பரில். பட்டியலின் ஒரு வருஷம் மார்ச்சில் முடிகிறது. அதற்குப் பிறகு எனக்குப் பரீட்சை எழுதும் வயதும் இல்லை, காத்திருக்கப் பட்டியலும் இல்லை.

பதில் போடு.

அக்கா


நவம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை. உன் மூக்கு. தாயும் பிள்ளையும் நலம்.

நீ கேட்டது மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு இன்னும் தகுதிகாண் பருவம் முடியவில்லை. ஜனவரியில்தான் நிரந்தரம் ஆவேன். அதற்குள் இப்படி ஒரு கையெழுத்துப் போட்டால் விளக்கம்கூடக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கையில் பச்சைக் குழந்தை. விசாரணையை ஜனவரிக்குத் தள்ளி வைக்கச் சொல்லி வக்கீலிடம் கேட்க முடியாதா? கொஞ்சம் என் நிலையையும் பார், அக்கா.

தம்பி


ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. நியாயம்தான்.

வழக்கு தள்ளுபடி ஆன செய்தி டிசம்பரிலேயே இங்கே வந்துவிட்டது. துறையின் வக்கீல் எங்கள் பிரிவுக்கு வந்து, டீயைக் குடித்துக்கொண்டே கதை மாதிரிச் சொன்னார். "ஜட்ஜ் அந்தம்மாவையே நேரா கேட்டாருய்யா, 'டிபார்ட்மெண்ட்லேர்ந்து யாராவது வேலையை விடச் சொன்னாங்களா'ன்னு. 'யாரும் சொல்லல'ன்னு அதுவே சொல்லிடுச்சு. அங்கயே முடிஞ்சுபோச்சு கேஸ்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் அக்கா. தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். அதை இன்றுவரை நினைத்து நினைத்து என்னையே காறித் துப்பிக்கொள்கிறேன்.

நேற்று என் நிரந்தர ஆணை வந்துவிட்டது. இனி என்னைச் சுலபத்தில் அசைக்க முடியாது. விசாரணை வைப்பார்கள், சம்பள உயர்வை நிறுத்துவார்கள், வைக்கட்டும், நிறுத்தட்டும். பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வேலையை விடச் சொன்னது நான்தான், பதில் மனு எழுதியதும் நான்தான் என்று ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். மேல்முறையீடு செய். பட்டியலுக்கு மார்ச் வரை உயிர் இருக்கிறது. உன் பக்கத்தில் வந்து நிற்கிறேன்.

அக்கா, ஒரு வரியாவது எழுது.

தம்பி


ஜனவரி 28

தம்பிக்கு,

நிரந்தரம் ஆனது கேட்டுச் சந்தோஷம். நிஜமாகவே சந்தோஷம். குழந்தை பிறந்த நேரம் என்று அம்மா சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

மேல்முறையீடு இல்லை. வக்கீலம்மா செய்யலாம் என்கிறார், எனக்குத்தான் தெம்பில்லை. மார்ச்சுக்குள் எந்த நீதிமன்றமும் எனக்காக ஓடி வராது. நீதிபதி ஒன்றும் கடுமையாகப் பேசவில்லை. தேர்வானவர் வேலை கொடு என்று கேட்க முடியாது, ஏன் கொடுக்கவில்லை என்றுதான் கேட்கலாம் என்றார். ஏன் என்று கேட்டோம். காசு இல்லை என்றார்கள். அது போதுமான காரணம் என்று முடித்துவிட்டார். அந்த ஐந்து ஒப்பந்த ஆட்களுக்கு மட்டும் காசு எங்கிருந்து வருகிறது என்று கேட்க என் வாய் துறுதுறுத்தது. வக்கீலம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதேன்.

பழைய இடத்துக்கே திரும்பிவிட்டேன். நான் பழக்கிய பெண்தான் இப்போது எனக்கு மேலே. "அக்கா, இப்படிக் குத்தினா வலிக்கும்க்கா" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். தலையை ஆட்டிக்கொள்கிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். வழக்குத் தோற்றது வரைக்கும் தெரியும். ஒன்பதாவது பத்தி தெரியாது. தெரியவும் வேண்டாம்.

உன் பிரமாணப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கிழித்துப் போடு, யார் கண்ணிலாவது படப்போகிறது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நீ அக்டோபரிலேயே அனுப்பியிருந்தாலும் அதை நான் வக்கீலம்மாவிடம் கொடுத்திருக்க மாட்டேன். பிள்ளைத்தாய்ச்சி வீட்டுக்காரனின் வேலைக்கு உலை வைத்து எனக்கு ஒரு மேசை வேண்டுமா? நீதிபதி கேட்டால் நான் என்ன சொல்லப்போகிறேன் என்பது, உனக்கு அந்தக் கடிதத்தை எழுதிய அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் நான் கேட்டவுடன் நீ அனுப்பிவிடுவாய் என்று நம்பினேன். ஒரு மாதம் தபால்காரரின் சைக்கிள் மணிக்கு வாசலுக்கு ஓடினேன். அந்தக் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருப்பேன். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

குழந்தையை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டு. பால் கொடுத்ததும் தோளில் போட்டுத் தட்டு.

இனிக் கடிதம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய். நான் எடுத்தால், அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுக்கிறேன்.

அக்கா