ரத்தத்தில் தெரியாத நோய்

நாரின், அக்டோபர் 4

அன்புள்ள குல்சாத் அக்காவுக்கு,

நலம் என்று எழுத மனம் வரவில்லை. போனை மாமியார் பிடுங்கி வைத்துக்கொண்டார், அதனால்தான் கடிதம். பிள்ளை பிறந்ததிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை, அக்கா. நேற்று விருந்தாளிக்குப் பாதி மட்டும் ஊற்ற வேண்டிய தேநீர்க் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டேன். "குடிச்சிட்டுக் கிளம்புன்னு சொல்றியாடி, சோம்பேறிக் கழுத!" என்று எல்லார் முன்னாலும் மாமியார் கத்தினார். எனக்கு அழுகைகூட வரவில்லை. செத்தால் தேவலை என்றிருக்கிறது.

மனச்சோர்வு முற்றினால் ரத்தத்தில் ஏதோ கூடும், அதைத்தான் எங்கள் ஆய்வகத்தில் பார்க்கிறோம் என்பாயே. என் ரத்தத்தை ஊர் நர்ஸ் எடுத்து ஐஸில் வைத்து உனக்கு வேனில் அனுப்பியிருக்கிறாள். நோய்தான் என்று எழுதிக் கொடு. வீட்டுக்காரர் என்னை உன்னிடம் அனுப்பிவிடுவார்.

உன் பெர்மெட்

பிஷ்கெக், அக்டோபர் 15

என் செல்லப் பெர்மெட்,

எல்லா அளவும் சரியாக இருக்கிறது! இப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. உன் மாமியாருக்குத்தான் முதலில் தெரிவித்தேன். பெரியவர்களைத் தாண்டி மருமகளுக்கு எழுதினால் நம் வளர்ப்பைத்தானே பேசுவார்கள்? நன்றாகச் சாப்பிடு.

அக்கா குல்சாத்

நாரின், அக்டோபர் 24

அக்கா,

"டாக்டர் அக்காவே எழுதிட்டா! ரத்தம் நல்லாருக்கு, உடம்புதான் வளையல" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லியாயிற்று. "அப்புறம் என்னடி நடிப்பு?" என்கிறார் வீட்டுக்காரர். உண்மையைச் சொல், நோய் முற்றிய எல்லாருக்கும் அது கூடுமா?

பெர்மெட்

பிஷ்கெக், அக்டோபர் 30

கண்ணே,

இல்லை, எல்லாருக்கும் கூடிவிடாது. நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஒருத்தியைத் தனியாக எடுத்தால், படுத்த படுக்கையாக இருப்பவளின் ரத்தமும் சாதாரணமாக இருக்கலாம். தெரிந்தும் உன் பேச்சை விட்டுத் தாளை நம்பினேனே, பாவி! சனிக்கிழமை வருகிறேன். யார் தடுத்தாலும் உன்னையும் பிள்ளையையும் கையோடு கூட்டி வருவேன்.

குல்சாத்

நாரின், நவம்பர் 6

குல்சாத் அக்காவுக்கு,

வந்தாய். உனக்காக ஆடு அறுத்தார்கள். முக்கிய விருந்தாளிக்கென்றே ஒதுக்கும் கறித்துண்டை உன் தட்டில் வைத்தார்கள். அந்த வீட்டுக் கறியைத் தின்றுவிட்டு எப்படிச் சண்டை போடுவது என்று வாயை மூடிக்கொண்டாய். வாசலில் என் காதில், "கொஞ்சம் பொறுத்துக்கோடி, நல்ல மனுஷங்களாத்தான் தெரியறாங்க" என்றாய். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

நாளை காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேன் ஏறுகிறேன். வைத்தியம் பார்க்கத்தான் போகிறேன், பயப்படாதே. எந்த ஊர் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நீ முதலில் என் மாமியாருக்குத்தான் தெரிவிப்பாய்.

பெர்மெட்