இருபதாவது பெயர்

செப். 8, திங்கள்

காலையிலிருந்து மூடுபனி. பாலர் பள்ளிக் கூரை ஒழுகல், இரண்டு வாளி வைத்தாயிற்று. பிள்ளைகள் பதினொன்று. எல்லாவற்றுக்கும் சளி.

வாங்க: பச்சைக் கலர் பென்சில், மண்ணெண்ணெய், சவர்க்காரம். பல் டாக்டரிடம் போக வேண்டும் (இந்த வாரமாவது).

பத்து மணிக்கு சிவில் உடுப்பில் இரண்டு பொலிஸ்காரர்கள். மூன்றாவது முறை. எங்கள் மாதர் குழுவைப் பற்றி அதே கேள்விகள். வெளியிலிருந்து யார் வந்து பேசுகிறார்கள்? எந்த நாட்டுப் பணம்? பிஸ்கட்டையே பெண்கள் வீட்டிலிருந்து கொண்டு வருகிறார்கள் என்றேன். எழுதிக்கொண்டார்கள். பிஸ்கட்டையும்.

இனி எங்கே கூடினாலும் முன்கூட்டி எழுத்தில் அறிவிக்க வேண்டுமாம். பள்ளி அறையைத் தரக்கூடாது என்று தேயிலைத் தோட்ட ஆபீசுக்கும் சொல்லியாயிற்று. குழுவின் பெயர்ப்பலகையை நானே கழற்றிக் கொடுத்தேன். ஆணி இன்னும் சுவரில்.

ஜூலைக் கூட்டத்தின் பெயர்ப் பட்டியல் ஏற்கெனவே அவர்கள் கையில். மழைக்கு மண் இறங்கி எங்கள் ஆறாம் லயத்து வரிசை வீடுகளின் சுவரெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. வேறு இடத்தில் வீடு கேட்டு மனித உரிமை ஆணைக்குழுவுக்கு மனு எழுதினோம். மனுவோடு அனுப்பிய பட்டியல் அது. இருபது பெண்கள்.

போகும்போது இருவரில் மூத்தவர் பிள்ளைகளுக்குக் கை காட்டினார். பிள்ளைகளும் காட்டின.

செப். 10, புதன்

பென்சில் வாங்கவில்லை.

பக்கத்து வீட்டு சாந்தி ஒரு கடிதத்தோடு வந்தாள். சிங்களக் கடிதம், வாசித்துச் சொல்லச் சொன்னாள். குவைத் போக அவளுக்கு எல்லாம் சரி, பொலிஸ் ரிப்போட் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது கடிதத்தில் இருந்தது. அனுமதியில்லாத கூட்டத்தில் கலந்துகொண்டாளாம். வெள்ளிக்கிழமை நுவரெலியாவுக்கு விசாரணைக்கு வர வேண்டும்.

"நான் எந்தக் கூட்டத்துக்குப் போனேன்? மனு எழுதினா வீடு வருமான்னு ஒங்கள்ட்டயே கேட்டவ நான். எந்த நாசமாப் போனவளோ எம் பேரக் குடுத்திருக்கா டீச்சர்."

நான்தான்.

அன்று வந்தவர்கள் பத்தொன்பது பேர். இருபது இல்லாவிட்டால் கூட்டம் கணக்கில் சேராது என்பது குழுவின் விதி. பேனா கையில் இருந்தது, இவள் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது பிந்தி வருகிறவளுக்காக இன்னொருத்தி "வர்றா" என்று சொல்வதில்லையா? என் அம்மாவுக்கு எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். இங்கே அது உதவி. குற்றமென்று யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த வெள்ளிக்குள் ரிப்போட் வராவிட்டால் ஏஜென்சி வேறு ஆளை அனுப்பிவிடும். சிங்களம் பேச என்னையும் கூட வரச் சொல்கிறாள்.

செப். 12, வெள்ளி

ராகலை பஸ், ஆறரை. நெரிசல். அங்கே வாங்கில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம்.

மேசையில் பட்டியல். இருபதாவது வரியில் விசாரணை அதிகாரியின் விரல். "மே அத்சன ஒயாகெத?"

"இது ஒன் கையெழுத்தான்னு கேக்குறாரு."

பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதும் என் உருண்டை எழுத்து. பார்க்கிற எவருக்கும் தெரியும். அவளுக்கு மட்டும் தெரியவில்லை.

"இல்லைங்க டீச்சர், அன்னைக்கு நான் மலையில கொழுந்து எடுத்தேன். சாமி சத்தியமா."

மொழிபெயர்த்தேன். அப்படியானால் யார் போட்டது என்று கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன். தெரியாது என்றாள். அதையும். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், சொல்ல வேண்டியதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அவளைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தந்தாள். "நீங்க இல்லாட்டி நான் என்ன செஞ்சிருப்பேன்." தின்றேன்.

இந்த நோட்டையும் ஒருநாள் கேட்பார்கள். இனி முழுப் பெயர் வேண்டாம். சா. போதும்.

செப். 14, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் சுவாமி மன்னிப்பார். ரிப்போட் தரமாட்டார்.

சுவர் வெடிப்பை அளந்து பார்த்தேன். ஜூலையில் பென்சில் நுழையவில்லை. இப்போது இரண்டு விரல் போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. சுவருக்கா, நாளைக்கா, தெரியவில்லை.

சோறு அப்படியே இருக்கிறது.

செப். 15, திங்கள்

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு நுவரெலியாவுக்குத் தனியாகப் போனேன். அதே அதிகாரியிடம் நான்தான் எழுதினேன் என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி வரவழைத்தார். நல்ல தேயிலைத் தூள், எங்களுக்கு இங்கே கிடைக்காத தூள்.

"ஒரு பெயர் பொய் என்றால் மற்றப் பத்தொன்பதும்?"

அவை உண்மை என்றேன்.

"அப்போது சா.வும் உண்மை. ரிப்போட் கிடைக்காது. இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் டீச்சர்."

கடிதம் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருந்தது. என் பெயர், என் அடையாள அட்டை எண். மக்களுக்குத் தெரியாமல் பட்டியலை நானே தயாரித்தேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன். குழுவைச் சுயவிருப்பத்தில் கலைக்கிறேன். கீழே என் கையெழுத்துக்கு இடம். நான் வருவேன் என்று அவருக்கு வெள்ளிக்கிழமையே தெரிந்திருக்கிறது.

ஒரு நாள் தவணை கேட்டேன். தலையாட்டினார், ஆனால் தாமதித்தால் ரிப்போட்டுக்குத் தான் பொறுப்பில்லை என்றார்.

போட்டேன். அதே உருண்டை எழுத்து, ஒரு கோணலும் இல்லை. அதுதான் வெட்கம்.

செப். 17, புதன்

சா.வுக்கு ரிப்போட் வந்துவிட்டது. லயம் முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்கு இரண்டு.

காலையில் பிள்ளையை விட வந்த மு. (பட்டியலில் நான்காவது) கேட்டாள்: "டீச்சர், மனுவுக்குப் பதில் வந்திச்சா?"

"இன்னும் இல்ல."

"வரும் வரும். அரசாங்க வேலைன்னா ஆடி அசஞ்சுதான் வரும்."

பிள்ளையின் மூக்கைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. இவர்களிடம் நான் சொல்ல வேண்டும். கூட்டம் போட்டுச் சொல்லலாம். கூட்டம் போட அனுமதி இல்லை. சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் கூரை வாளியைக் கொட்டப் போகிற மாதிரி வெளியே போனேன்.

பச்சைப் பென்சில் வாங்கினேன்.

செப். 20, சனி

சா. போய்விட்டாள். விமான நிலையம் வரை கணவனும். அவன் நாளை வரும்வரை மகள் கௌரி (எந்தப் பட்டியலிலும் இல்லாத பெயர், எழுதலாம்) என்னிடம். நாலாம் வகுப்பு. அழவில்லை, ரிப்பனை மட்டும் அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள்.

பஸ் நிறுத்தத்தில் சா. என்னைத் தனியே இழுத்தாள். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். தெரிந்திருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"அவ்வளவு பெரிய ஆபீசுல அந்தப் பேப்பரப் பைலுல போட்டுப் பத்திரமா வச்சிருக்காங்கன்னா, அதுல ஏதோ இருக்கு டீச்சர். நான்தான் இவ்வளவு நாளும் வெளங்காமப் பேசிட்டேன். யாரு எழுதினாங்களோ, எம் பேரும் அதுலயே கெடக்கட்டும். வீடு குடுக்கறப்ப எம் புள்ளையையும் கூப்புடுவாங்கல்ல?"

"கூப்புடுவாங்க."

"அத நம்பித்தான் இவள அந்த வெடிச்ச வீட்ல விட்டுட்டுப் போறேன்."

பஸ் போனது. மழை பிடித்துக்கொண்டது. கௌரி என் கையைப் பிடித்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.