புது கவர்னர் வந்திருக்கிறார், நைனா

என் பிரியமுள்ள நைனாவுக்கு,

புது கவர்னர் பதவியேற்றுவிட்டார். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பரில் படம் பார்த்தேன். கழுத்தில் சால்வை, கையில் ஒரு காகிதம், நிமிர்ந்து நிற்கிறார். கடைக்காரரிடம் கெஞ்சி அந்தப் பக்கத்தைக் கிழித்து வாங்கி வந்தேன். உன் கவர்னர் நோட்டில் ஒட்டுவதற்காக வீட்டில் கோந்து தேடிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது, நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது.

அப்போதிலிருந்து எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. "உங்க நைனா வியாதி உனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று உன் மாப்பிள்ளை கேலி பண்ணுகிறார். பண்ணட்டும். இன்றைக்கு எனக்கு வார லீவு. உன்னிடம் சொல்லாமல் வருஷக் கணக்கில் வைத்திருந்ததை இன்று சொல்லிவிடப் போகிறேன்.

நம் கதை தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே முதலிலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீயும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறவன்தானே?

ஓசூரிலிருந்து பாகலூர் போகும் ரோட்டில் நமக்கு மூன்று ஏக்கர் இருந்தது. மழை பெய்தால் ராகி, ஊடே அவரை. வடகோடியில் ஒரு புங்கமரம். எனக்கு ஒன்பது வயதில் அம்மா காய்ச்சலில் போனபோது, நம் வழக்கப்படி அவளைச் சொந்த மண்ணிலேயே அந்த மரத்தடியில் வைத்தோம். வருஷா வருஷம் மகாளய அமாவாசை அன்று அங்கே ஒரு புதுப்புடவை வைத்து, களியும் கொள்ளுச் சாறும் படைத்து, விளக்கேற்றி வருவோம். அந்த ஒரு நாள் மட்டும் நீ அவளிடம் வாய்விட்டுப் பேசுவாய். ராகி விலையில் ஆரம்பித்து என் பரீட்சை மார்க் வரைக்கும் எல்லாம் சொல்வாய்.

அப்புறம் தொழிற்பேட்டைக்காக நோட்டீஸ் வந்தது. பொதுக் காரியத்துக்கு இந்த நிலம் தேவை என்று ஆளுநர் கருதுவதாக அதில் இருந்தது. நீ அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாய்.

"கருதுறாராமே. எப்ப வந்து பாத்தாரு? நான் ஏர் ஓட்டிக்கினு இருந்தப்பவா?"

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா பொறுமையான மனுஷன். "பெரியவரே, அது எழுதற முறை. கவர்னர்னா கவர்மெண்டுன்னு அர்த்தம். உங்க நிலம் எந்தத் திக்குல இருக்குதுன்னே அவருக்குத் தெரியாது," என்றார்.

"தெரியாதவரு எப்படிங்க கருதுவாரு? அப்ப நாமதானே தெரியப்படுத்தணும்?"

குமாஸ்தா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது உனக்குக் கவர்னர் பைத்தியம்.

பைத்தியம் என்று ஊர்தான் சொன்னது. உனக்கு அதில் ஒரு நியாயம் இருந்தது. நம் ஊரில் புது ஊர்க்கவுண்டருக்குத் தலைப்பாகை கட்டினால், தீராத வழக்கு உள்ள வீட்டுக்காரர்கள் எல்லாம் வரிசையாக வந்து அவர் முன்னால் பழைய கதையை அடியிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும் அது அவர் வழக்கில்லை. காதில் வாங்கிவிட்டால், 'அது முன்னவர் காலத்துச் சமாசாரம்' என்று அவர் கைகழுவ முடியாது. நம் ஊர்க் கல்மேடையில் நடப்பதுதான் கிண்டி ராஜ்பவனிலும் நடக்கும் என்று நீ நினைத்துக்கொண்டாய். கவர்னர் மாறும்போதெல்லாம் ஒரு மனு போயிற்று.

மனுப் போடுவதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? அதற்குத்தான் அந்த நோட்டு. ஓசூர் நூலகத்தில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து, கோட்டையில் இருந்து ஆண்ட வெள்ளைக்காரர்களிலிருந்து வரிசையாக எழுதி வைத்தாய். அவர்களில் ஒருத்தர் கவர்னர் ஆவதற்கு முன்னால் நம் பக்கமெல்லாம் குதிரையில் சுற்றி நிலம் பார்த்தவர் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்து, "அந்தாளாவது மண்ணைப் பாத்துட்டு வரி போட்டான்," என்று ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாய். சுதந்திரத்துக்கு அப்புறம் வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பக்கம். எந்த ஊர்க்காரர், முன்னால் என்ன வேலையில் இருந்தார், எப்போது வந்தார், பதவிக்காலம் முடிந்து போனாரா, நடுவில் மாற்றினார்களா என்று எல்லாம் அதில் உண்டு. வெயில் காலத்தில் கவர்னர் ஊட்டிக்குப் போய்விடுவார் என்பதால் சித்திரையிலும் வைகாசியிலும் தபாலில் போட மாட்டாய். ஒருத்தர் போய் இன்னொருத்தர் வரும்வரை தற்காலிகமாக இருக்கிறவர்களுக்கு உன் நோட்டில் பக்கமே கிடையாது. "அவரு வூட்டுக்குக் காவலுக்கு வந்தவரு. அவரைப் போயி தொந்தரவு பண்றதா?" என்பாய்.

மனுவை எழுதுவது நான்தான். நீ பின்னால் நின்றுகொண்டு சொல்வாய். முதல் பக்கம் முழுக்க அவருக்கு முன்னிருந்தவர், அந்த முன்னவருக்கு முன்னிருந்தவர் என்று பரம்பரையே போகும். கேட்டது கடைசியில் இரண்டே வரி. நிலத்தை நீ ஒருநாளும் திருப்பிக் கேட்கவில்லை. வடகோடிப் புங்கமரத்தடியில் வருஷத்துக்கு ஒரு நாள் விளக்கேற்ற அனுமதிக்க வேண்டும், அவ்வளவுதான். பதிலுக்கு, உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று ஒரு அட்டை வரும். அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான்.

நம் நிலத்தில் எழும்பிய பேக்டரியிலேயே எனக்கு வேலை கிடைத்தது. மண்ணைக் கொடுத்தவன் வீட்டுப் பெண் அங்கேயே கூலிக்குப் போகிறாள் என்று ஊர் பேசியது. நீதான், "போ பாப்பா. நீ உள்ள இருந்தா உங்கம்மாவுக்குத் துணைக்கு ஆளு இருக்கற மாதிரி," என்றாய்.

இப்போது சொல்கிறேன், நைனா. முதல் நாள் காலையில் கேட்டுக்குள் நுழைந்ததும், ரோட்டிலிருந்து தெரியாதபடி மதிலும் கட்டிடமும் மறைத்திருந்த வடகோடியைத்தான் பார்த்தேன். மரம் இல்லை. வேர்கூட இல்லை. அந்த இடத்தில் சிமெண்டுத் தரை போட்டு, மேலே ஷீட் போட்டு, சைக்கிள் ஸ்டாண்டு கட்டியிருந்தார்கள். வரிசையாகச் சைக்கிள்கள் நின்றன. அன்றைக்கு நான் மிஷினில் எப்படி வேலை பழகினேன் என்று எனக்கு ஞாபகமே இல்லை.

சாயங்காலம் நீ ரோட்டிலேயே நின்றிருந்தாய். "பாத்தியா?"

"பாத்தேன் நைனா. நல்லா இருக்குது மரம்."

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய். வெயில் காலம் வந்தால் பூ கொட்டிக் கிடக்கிறது என்றேன். மழை வந்தால் புதுத் தழை விட்டிருக்கிறது என்றேன். நீ தினமும் கேட்டாய், "பாத்தியா?" நான் தினமும் சொன்னேன், "பாத்தேன்." பிறகு கவர்னர் மாறும்போது அதே கையால் 'புங்கமரத்தடியில்' என்று எழுதினேன். உன்னிடம் மட்டுமா, எத்தனை கவர்னர்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன்!

ஆட்சியைக் கலைத்துக் கவர்னர் கையில் நிர்வாகம் வந்தபோது உன்னைப் பிடிக்க முடியவில்லை. "இப்ப நடுவுல மந்திரி கிந்திரி யாரும் இல்ல. அவரே எல்லாம். எடு பேப்பரை," என்றாய். நான் எடுக்கவில்லை. "போதும் நைனா. ஊரே சிரிக்குது. இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன்," என்று கத்தினேன். நீ என் கையிலிருந்த பேனாவை மட்டும் வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டாய்.

ஊர் சிரித்ததெல்லாம் எனக்குப் பெரிதில்லை. அனுமதி கிடைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான். கிடைத்தால் நீ உள்ளே வருவாய், வெறும் சிமெண்டைப் பார்ப்பாய், அப்புறம் என்னைப் பார்ப்பாய். அந்த ஒரு பார்வைக்குப் பயந்து உன் வாயை அடைத்தேன்.

நீ போன மறுமாதம் தபால்காரர் வந்தார். "பெரியவருக்குக் கவர்னர் ஆபீசுல இருந்து," என்று சொன்னவர், சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். நீ எனக்குத் தெரியாமல் உன் கையாலேயே எழுதிப் போட்டிருக்கிறாய். கம்பெனி ஒத்துக்கொண்டதாகவும், மகாளய அமாவாசை அன்று ஒரு மணி நேரம் உள்ளே வரலாம் என்றும் பதில் வந்திருக்கிறது.

வாசலில் நின்றபடி அந்தக் கடிதத்தின் 'பொருள்' என்ற வரியைப் படித்தேன். 'தொழிற்சாலை வளாகத்தில், சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில், மனைவியின் சமாதிக்கு விளக்கேற்ற அனுமதி கோருதல்.'

சைக்கிள்கள் நிறுத்துமிடத்தில். புங்கமரம் என்ற பேச்சே அதில் இல்லை.

உனக்கு எப்படித் தெரியும்? எப்போதிலிருந்து தெரியும்? மறுநாள் கேட்டில் வாட்ச்மேன் நாராயணப்பாவைப் பிடித்தேன். நான் சேர்ந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிற மனுஷன், வீட்டில் தெலுங்கு, நம்மிடம் தமிழ். கேட்டதும் சொன்னார்.

"நீ சேந்த புதுசுலம்மா. ஒருநாள் சோத்து டப்பாவை மறந்துட்டு வந்துட்டே. உங்க நைனா நடந்தே எடுத்துக்கினு வந்தாரு. குடுங்க நான் குடுத்துடறன்னேன். இல்ல சாமி, அவ சைக்கிள்ல மாட்டிட்டுப் போறன்னாரு. பாவம்னு உள்ள உட்டேன். அங்க ரொம்ப நேரம் நின்னாரு. செவுத்துல இருந்து காலால அளந்தாரு. அப்புறம் உன் சைக்கிளைத் தூக்கிக்கினு போயி வடக்கால கடைசிக் கம்பத்துக்கிட்ட நிறுத்தினாரு. எம் பொண்ணு வண்டி தினம் இங்கயே நிக்கட்டும், வேற யாரையும் உடாதீங்கன்னு கையைப் புடிச்சிக்கினு சொன்னாரு. உன்கிட்ட சொல்ல வேணான்னுட்டாரு."

நைனா, அந்த நாராயணப்பாவை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் தெரியுமா? முன்னால் இடம் காலியாக இருந்தாலும் விட மாட்டார். "உன் எடம் அங்கதாம்மா," என்று கடைசிக் கம்பத்துக்கு விரட்டுவார். மழையில் நனைந்துகொண்டு அவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போவேன். கிழவனுக்கு என்மேல் ஏதோ வன்மம் என்றுகூட நினைத்தேன். பத்து வருஷத்துக்கு மேலாக, காலையும் மாலையும், என் அம்மாவின் தலைமாட்டில்தான் நின்றிருக்கிறேன். பூட்டுவதற்குக் குனிந்திருக்கிறேன்.

அதற்குப் பிறகும் நீ தினமும் "பாத்தியா?" என்று கேட்டாயே, அது எதைக் கேட்டாய்? நான் பூ கொட்டுகிறது என்று அளந்தபோதெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டாயே, உனக்குச் சிரிப்பு வரவில்லையா? ஒரு தடவையாவது, 'போடி, எனக்குத் தெரியும்' என்று அதட்டியிருந்தால் நான் அழுது தீர்த்திருப்பேனே. நம் இரண்டு பேருக்கும் நடுவில் இல்லாத அந்த மரத்தை இத்தனை வருஷம் எதற்கு வளர்த்தோம்?

போன வாரம் மகாளய அமாவாசை. கடிதத்தைக் காட்டினேன், மேனேஜர் தலையசைத்தார். கடைசிக் கம்பத்துக்கிட்டே இருந்த சைக்கிள்களை நாராயணப்பாவே ஒவ்வொன்றாக நகர்த்தினார். சிமெண்டுத் தரையைக் கழுவி, புடவை வைத்து, களியும் கொள்ளுச் சாறும் வைத்து, விளக்கேற்றினேன். உன் பேருக்கும் ஒரு வேட்டி வைத்தேன். உன்னை அவள் பக்கத்தில் வைக்க முடியாமல் ஏரிக்கரை இடுகாட்டில் வைத்துவிட்டோம், அந்தக் குறை எனக்குத் தீராது. உன் மாதிரி வாய்விட்டுப் பேச வரவில்லை. சைக்கிள் பெல்லை மட்டும் ஒரு தடவை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று கேட்காதே.

இப்போது புது கவர்னர் வந்துவிட்டார். நம் வழக்கப்படி, அவர் காதில் போடும் வரைக்கும் இது அவர் வழக்கில்லை. நோட்டில் படத்தை ஒட்டியாயிற்று, கோந்து கிடைக்கவில்லை, சோற்றுப் பருக்கைதான். உன் சட்டைப்பையிலிருந்த பேனாவையும் எடுத்து வைத்துவிட்டேன். அவருக்கு முன்னிருந்தவர், முன்னவருக்கு முன்னிருந்தவர் என்று பரம்பரையில் ஒருத்தரையும் விடாமல் எழுதுவேன். மரத்தை வெட்டிவிட்டார்கள் என்பதை இந்தத் தடவை மறைக்காமல் எழுதுவேன். அடுத்தவர் வந்தால் அவருக்கும், அவருக்கு அடுத்தவர் வந்தால் அவருக்கும் எழுதுவேன். இது சத்தியம்.

நாளைக்குக் காலை ஷிப்ட். சாயங்காலம் நான் வரும்போது ரோட்டில் கேட்பதற்கு யாரும் நிற்க மாட்டார்கள். பரவாயில்லை, நீ கேட்காமலே சொல்கிறேன்.

பாத்தேன், நைனா.

இப்படிக்கு,
உன் பாப்பா,
கடைசிக் கம்பத்தில் சைக்கிள் நிறுத்துகிற
நாகவேணி