காவல் நிலையத்தில் நின்ற வண்டி

அக்கா,

இன்று காலை காவல் நிலைய வளாகத்தில் உங்கள் வேனின் கதவைத் திறந்ததும், எலிப்புழுக்கையும் நனைந்த சாக்கும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. மெக்கானிக் புது பேட்டரி மாட்டிக்கொண்டிருந்தார். வழக்கு முடியும்வரை விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு நீதிமன்றம் வண்டியை உங்கள் மகளிடம் விட்டிருக்கிறது.

தொரப்பள்ளியிலிருந்து கோஸும் குடைமிளகாயும் ஏற்றி ஓசூர் மார்க்கெட்டுக்கு நீங்களே ஓட்டிப்போவீர்கள். நான் விருதுநகர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்து, உங்கள் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவன். கர்நாடகத்து ஆனேக்கல்லில் வாங்கிய பழைய பீரோவை எடுத்துவர வண்டி கேட்டேன். "பிரேக்க மெதுவா மிதி தம்பி" என்று சாவியைக் கொடுத்தீர்கள்.

திரும்பும்போது ஒருவன் நான்கு மூட்டை ஏற்றினான். மாட்டுத் தீவனம் என்றான். எல்லைச் சோதனைச்சாவடியில் பிரித்துப் பார்த்தார்கள். அத்தனையும் குட்கா. வண்டியைப் பறிமுதல் செய்து என்னையும் பிடித்துப்போனார்கள்.

"உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனான்னு எழுதிக் குடுங்கம்மா, வண்டி சீக்கிரம் கெடைக்கும்" என்று ஏட்டு சொன்னார்.

"நான்தானுங்க சாவி குடுத்தேன். பொய் எப்டி எழுதறது?" என்றீர்கள்.

ஜாமீனில் வந்த அன்று என்னைக் கேட்டீர்கள். "மூட்டையில என்ன இருக்குதுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

அதற்கப்புறம் நீங்கள் கேட்கவேயில்லை. வண்டி கேட்டு நீங்கள் போட்ட மனு தள்ளுபடியானது. கூடைகளை டவுன் பஸ்ஸில் ஏற்றி இறக்கினீர்கள். ஞாயிறுதோறும் நிலையத்துக்குப் போய் வண்டியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வருவீர்கள். "மழையில நிக்குது தம்பி" என்பீர்கள், யாரையும் குறை சொல்லாமல். போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டீர்கள்.

எனக்குத் தெரியும் அக்கா. ஏற்றும்போதே வாசம் அடித்தது. டீசலுக்குக் காசு தருகிறேன் என்றான், வாயை மூடிக்கொண்டேன்.

இன்று உங்கள் மகள் சாவியை என்னிடம் நீட்டினாள். "அம்மா போனப்புறம் இந்த வண்டிக்காக நீங்கதாண்ணா கோர்ட்டுக்கு அலைஞ்சீங்க. நீங்களே எடுங்க." வாங்கினேன், ஏறி உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை, திட்டவுமில்லை. "எங்கம்மா பஸ்ஸுல கூடை தூக்குனப்ப நீங்க பாத்துட்டுதானண்ணா இருந்தீங்க?" என்றாள். சாவியை வாங்கிக்கொண்டு அவளே ஓட்டிப்போனாள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்காரப் பிடிக்காமல் அறைக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். நாளை என் வழக்கு விசாரணைக்கு வருகிறது. 'தெரியாது' என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்கிறார் வக்கீல். உங்களிடம் ஒருமுறை அதைச் சொல்லிவிட்டேன் அக்கா. நாளை அதைச் சொல்லப்போவதில்லை.