கொஞ்ச நேரம் எரியுத கார் லைட்டு

அன்பான ரூபியாவுக்கு ஸலாம். நீயும் உம்மாவும் சுகமா இருக்கியளா? குருவிகுளத்துல மழைன்னு இங்கன பக்கத்து வீட்டுல வேலை பாக்குத நம்மூரு டிரைவர் பீர் மைதீன் சொன்னான். அவன் சொல்லுததுல பாதிதான் நெசம்.

போன வாரம் முதலாளி காரை நிறுத்திட்டு இருட்டுல ரூமுக்கு வந்தேன். படியில கால் லேசா பிசகிட்டு. பயப்படாத. முதலாளிட்ட கேட்டு கார்ல ரிலேயும், கரண்டைச் சேத்து வைக்குத கெப்பாசிட்டரும் மாட்டிட்டேன். சாவியை எடுத்தாலும், தொட்டித் தண்ணி வடியுத மாதிரி கரண்டு மெல்ல வடியும். அதுவரைக்கும் கார் லைட்டு எரியும், அந்த வெளிச்சத்துல படி ஏறிருவேன்.

"ஏலே, லைட்டை அணைக்காம போறியே?"ன்னு பீர் மைதீன் கத்துனான்.

"அது தானா அணையும் வே."

நாம சங்கரன்கோவில்ல இருந்தப்போ நான் பைக்கை நிறுத்தி உள்ள வாற வரைக்கும் நீ வாசல் லைட்டை அணைக்க மாட்டியே. இங்கன கதவைத் திறந்த பொறவும், அது அணையுத வரைக்கும் வெளியவே நிக்கேன்.

முதலாளி கூப்பிடுதாரு. காலுக்குத் தேய்க்க, ஊருல இருந்து இங்க வாற ஆள்ட்ட தைலம் ஒரு குப்பி குடுத்து விடு.

உன் ஷேக் ஃபரீத்