பூட்டியிருக்கிறதா என்று கேள்

பில்லிங்ஸ், மொன்டானா
அக்டோபர் 28

அன்புள்ள மகள் இங்க்ரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது. நானும் அப்பாவும் நலம். நீயும் குட்டி ஓட்டிஸும் நலமாக இருக்க வேண்டும்.

பக்கத்துப் பண்ணையில் திருடு போனதும் அப்பா துப்பாக்கி வாங்கினார் அல்லவா? நீ போனில், "அதைப் பூட்டி வெச்சிருக்கீங்களாப்பா? இல்லேன்னா நன்றி நாள் விருந்துக்கு ஓட்டிஸைக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றாய். அவர் பட்டென்று போனை வைத்துவிட்டார். "முப்பது வருஷம் ஊருக்கே கார் ஓட்டக் கத்துக் கொடுத்தவன்டி நான். எனக்கே பாதுகாப்பு சொல்லித் தர்றாளா?" என்று ஒரே குதி. நானும் விடவில்லை. பயிற்சி முடிக்காமல் ஒரு தோட்டாகூட வீட்டுக்குள் வரக்கூடாது, வந்தால் சமையல் கிடையாது என்றேன்.

தீயணைப்பு நிலையக் கூடத்தில் வகுப்பு. நானும் கூடப் போனேன். ஆசிரியை யார் தெரியுமா? ரோண்டா பிக்ஸ்பி! ரிவர்ஸ் எடுக்கத் தெரியவில்லை என்று அப்பா மூன்று தடவை பெயில் போட்டாரே, அதே ரோண்டா. சிரிப்பை அடக்க நான் இருமிக்கொண்டே இருந்தேன்.

பழகுவதற்குக் கொடுத்த பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கையில் வாங்கியதும் அப்பா வழக்கம்போல் கையை ஆட்டிப் பேச ஆரம்பித்தார். விரல் விசையில். குழல், வகுப்புக்கு வந்திருந்த பாதிரியாரையும் என்னையும் ஒரு சுற்று பார்த்துவிட்டது. பாதிரியார் மேசைக்கடியில் போய்விட்டார். ரோண்டா நிதானமாக, "சார், காலின்னு தெரிஞ்சாலும் தோட்டா இருக்குன்னுதான் பிடிக்கணும். சுடறப்போ தவிர விரல் வெளியே. அடுத்த சனிக்கிழமை மறுபடி வாங்க" என்றாள். பெயில்!

இப்போது பாஸாகிவிட்டார். ஆனால் டிவி ரிமோட்டைக்கூட விரலை நீட்டிக்கொண்டுதான் பிடிக்கிறார். சுவரில் துளை போடும் முன், "அந்தப் பக்கம் யாரும் இல்லையே?" என்று வகுப்பில் சொன்னபடியே கத்தினார். அலமாரிக்குள் இரும்புப் பெட்டி பொருத்தத்தான் அந்தத் துளை. துப்பாக்கி அதில், தோட்டா கீழ்த்தளத்தில் வேறு பூட்டில்.

கடைசி வகுப்பில் ரோண்டா ஒன்று சொன்னாள்: "குழந்தையோட வர்றவங்க 'பூட்டியிருக்கா'ன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்க. கேக்கறவங்கதான் பொறுப்பானவங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்காகத் தானாகப் போன் செய்வாரா? மாட்டார். நீ வழக்கமாகக் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமை மதியமானால் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். போன வாரம் ஏதோ விற்கக் கூப்பிட்ட பையனிடம், "எல்லாம் பூட்டியிருக்கு, ரெண்டு பூட்டு" என்று ஆரம்பித்துவிட்டார். பாவம், அவன் பயந்து வைத்துவிட்டான்.

வான்கோழி பெரியதாகவே சொல்லி வைத்திருக்கிறேன். ஓட்டிஸுக்கு என் முத்தங்கள். மகளே, அந்தக் கேள்வியை அப்பாவிடம் இன்னொரு தடவை கேளேன்.

உன் அம்மா,
மார்லிஸ்